நீச்சல் தெரியாமல் லட்சத்தீவு போகலாமா?

பாறசாலை வாசகர் ஒருவரின் கேள்வி, 12 அக்டோபர் 2024

வீட்டில் நான்கு பேர். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. ஜனவரியில் லட்சத்தீவு போய், முகத்தில் மாஸ்க்கும் வாயில் குழாயுமாக மிதந்து கடலடியைப் பார்க்கும் ஸ்நார்க்கெலிங் செய்தே ஆகவேண்டும் என்று மகள் ஒரே பிடியில் இருக்கிறாள். தண்ணீர் இடுப்பளவுதான், லைஃப் ஜாக்கெட் தருவார்கள், பயம் வந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம் என்கிறார்கள். கால் எட்டும் ஆழத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

12 அக்டோபர் 2024, இரவு

எழுந்து நிற்பதைத்தான் செய்யக்கூடாது.

2015 ஜனவரியில் லட்சத்தீவின் கல்பேனித் தீவுக்குப் போனேன். அலுவலகத்துத் தோழிகள் ஐந்து பேரும் நானும். களியக்காவிளையில் பிறந்து வளர்ந்தவள் நான். கடல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஆனால் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. அங்கே மாஸ்க்கைக் கொடுத்தார்கள், குழாயைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள், இறக்கிவிட்டார்கள். முதல் இரண்டு நிமிடம் பார்த்ததை என்னால் இன்றுவரை யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம், நுனியெல்லாம் வெளிர்நீலம், கிளைகளுக்கு நடுவே விரல் நீள மீன்கள் நூறு இருநூறு. என் நிழல் மேலே விழுந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே போய்விட்டன. நிழல் விலகியதும் ஒரே மூச்சில் வெளியே வந்தன.

மூன்றாவது நிமிடம் மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறியது. மூக்கில் போனது. பதறி எழுந்து நின்றேன். முறுக்கைக் கடிக்கும்போது தாடைக்குள் ஒரு சத்தம் கேட்குமே, அந்தச் சத்தம் கால் வழியாக மேலே வந்தது.

குனிந்து பார்த்தபோது ஒரு முழ நீளக் கொம்பு மூன்று துண்டாகக் கிடந்தது. உள்ளங்காலில் வெட்டு. அந்தக் காயம் ஆற மூன்று வாரம் ஆனது. பவளத்தில் பட்ட காயம் அப்படித்தான், உள்ளே நுண்துகள் தங்கிவிடும். நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவித் துலக்கியிருக்க வேண்டும், நான் கட்டு மட்டும் போட்டேன். காயம் ஆறிவிட்டது. அந்தக் கொம்பை நினைத்தால்தான் இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

ஆகவே கேள்விக்குப் பதில்: போகலாம். அதற்கு முன்னால் மிதக்கப் பழகிக்கொண்டு போங்கள். நீந்தத் தெரியாவிட்டால் பரவாயில்லை. நிற்காமல் கிடக்கத் தெரியவேண்டும்.

13 அக்டோபர் 2024

நேற்று எழுதியதில் ஒரு இடம் விட்டுப்போயிற்று. ஒரு கொம்பு உடைந்ததற்கு இத்தனை வருத்தமா என்று தோன்றலாம். அந்தக் கிளைப் பவளம் வேகமாக வளரும் சாதி, வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல்கூட வளரும். பக்கத்தில் பாறைபோல் உருண்டையாக நிற்பவை வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். இடுப்புயரம் நிற்கும் ஒரு உருண்டை என் பாட்டியைவிட வயதில் மூத்தது. அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டவர்களை அன்றைக்கே பார்த்தேன். மேல்தோல் மட்டும்தான் உயிர், சில மில்லிமீட்டர் கனம். செருப்புக் கால் அதை வழித்தெடுத்துவிடும்.

15 அக்டோபர் 2024

அனுமதி, கப்பல் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. தீவுக்காரர் அல்லாத எவருக்கும் நுழைவு அனுமதி வேண்டும். காசு இருந்தால் நேரே டிக்கெட் எடுத்துப் போகிற இடமில்லை. கொச்சி வில்லிங்டன் தீவில் லட்சத்தீவு நிர்வாகத்தின் அலுவலகம் இருக்கிறது. சுற்றுலாவை நடத்தும் அரசு சார்ந்த சங்கத்தின் பெயர் ஸ்போர்ட்ஸ், 1982 முதல் இருக்கிறது. நாங்கள் போனபோது காவல் நிலையச் சான்றிதழ் கேட்டார்கள், அதற்கே மூன்று வாரம் அலைந்தேன். இரண்டு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்.

கல்பேனி கொச்சியிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர், ஒரு இரவு முழுக்கக் கப்பல். பெரிய கப்பல் தீவை ஒட்டி வராது. வெளியே நிற்கும், சின்னப் படகு பக்கத்தில் வந்து ஆடும், கைபிடித்து இறக்குவார்கள். வயதானவர்கள் இருந்தால் இந்த இடத்தை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் வரை மழைக்கடல். அந்தப் பக்கமே நினைக்கவேண்டாம்.

15 அக்டோபர் 2024, பிறகு

ஆந்த்ரோத் பெரிய தீவாயிற்றே, அங்கே போகலாமா என்று ஒருவர். மக்கள் இருக்கும் தீவுகளில் அதுதான் பெரியது, ஆனால் அங்கே லகூன் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் இல்லை. புதியவர்களுக்கு லகூன்தான் வேண்டும். வெளிப்பாறை அலையை வாங்கிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் குளம்போல் கிடக்கும்.

19 அக்டோபர் 2024

லைஃப் ஜாக்கெட் பற்றி இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். "அது இருந்தால் போதும்" என்று முதலில் ஒரு பதிலில் எழுதிவிட்டு அழித்தேன். நீச்சல் தெரியாதவர் அது இல்லாமல் இறங்கவே கூடாது, அதில் மாற்றமில்லை. ஆனால் ஜாக்கெட் உடம்பை நிமிர்த்தி நிறுத்தப் பார்க்கும். கால் கீழே தொங்கும். தொங்கிய கால் உதைக்கும். உதைத்த இடத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் முகம் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறது. வழிகாட்டி ஒரு ரிங்கை இழுத்துக்கொண்டு போவார், அதை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டால் கால் தானாக மேலே வரும். கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு கிட்டத்திலும் தெரியும். மாஸ்க் கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒளி வளைவதால் வருவது. கை நீட்டினால் எட்டும் என்று நினைத்தது எட்டாது. முதல் ஐந்து நிமிடம் இதற்குப் பழகவே போய்விடும்.

26 அக்டோபர் 2024

எங்கே கற்றுக்கொண்டாய் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம்.

கல்பேனியிலிருந்து வந்த அடுத்த வருடம், 2016 ஜனவரி. விழிஞ்ஞத்துக்குத் தெற்கே பாறைகளுக்கு நடுவில் ஒரு சின்னத் துறை. என் தோழியின் மாமா அங்கே சிப்பி எடுக்கிறவர். கொச்சிக்கு வடக்கே பச்சைச் சிப்பி, நம் விழிஞ்ஞம் குமரி பாறைகளில் பழுப்புச் சிப்பி. அதை மூச்சுப் பிடித்து முங்கி, உளிபோல் ஒரு கம்பியால் பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். முப்பது வருடம் அதைச் செய்தவர். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும் பேச்சு.

காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். பெண்பிள்ளை கடலில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் சேருமே என்று எனக்குத் தயக்கம். "கூட்டம் எழும்புறதுக்கு முந்தி முடிச்சிரலாம், வா மக்களே" என்றார். காற்று அப்போது கரையிலிருந்து கடலுக்கு, தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் அந்தத் துறையில் இறங்கவே முடியாது, தண்ணீரும் கலங்கிவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான் அடி தெரியும்.

முதல் நாள் அவர் நீச்சல் எதுவும் சொல்லித் தரவில்லை. இடுப்பளவில் நிறுத்தி, முகத்தைத் தண்ணீரில் வைத்து எண்ணச் சொன்னார். பத்து. இருபது. ஐம்பது. குழாய் வழியாக மூச்சு. நெஞ்சு கேட்கிற வேகத்தில் மூச்சு விட்டேன், அவர் தட்டி எழுப்பினார். "நாய் ஓடி வந்தா இப்படித்தான் மூச்சு வாங்கும். நீ ஓடலியே, கிடக்கியா?" என்றார். மூச்சு மெதுவானதும் உடம்பு தானாக மேலே வந்தது. நெஞ்சு நிறையக் காற்று இருக்கும்வரை மனித உடம்பு பெரும்பாலும் முங்காது, உப்புத் தண்ணீரில் இன்னும் நன்றாக மிதக்கும். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் மாஸ்க்கை வேண்டுமென்றே கழற்றித் தண்ணீர் நிரப்பிக்கொள்ளச் சொன்னார். நிற்காமல், தலையை மட்டும் தூக்கி, அடியோரத்தை விரலால் விலக்கித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி முகத்தை வைக்கவேண்டும். குழாயில் தண்ணீர் ஏறினால் ஒரே ஊது, "பூ" என்று. திமிங்கிலம் மாதிரி என்று கரையிலிருந்த பையன்கள் சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார். எழுந்து நிற்கப் போகும் ஒவ்வொரு தடவையும் முதுகில் கைவைத்து ஒரே வார்த்தை: "நிக்காத மக்களே, கிட."

நான்கு காலைகள். அவ்வளவுதான் எனக்கு ஆனது. ஐந்தாம் நாள் பாறையோரம் கூட்டிப்போய்ச் சிப்பி ஒட்டிக்கிடக்கும் இடத்தைக் காட்டினார். பவளக் காடு மாதிரி வண்ணம் இல்லை. கரும்பழுப்பு, பாசி, நண்டு, ஒரு கடல் முள்ளெலி. ஆனால் என் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருந்த இடம் அது, இத்தனை வருடம் நான் அதன் மேல்பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

27 அக்டோபர் 2024

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் தனியாகப் போய் ஏதாவது துறையில் இறங்கிவிடாதீர்கள். கள்ளக்கடல் என்று ஒன்று இருக்கிறது. காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே பெருங்கடலில் கிளம்பிய அலை நாள்கணக்கில் ஓடிவந்து நம் கரையில் ஏறும். பெயரே நம் மலையாளக் கரைக்காரர்கள் வைத்தது, இப்போது விஞ்ஞானிகளும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்தது அப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதைப் பாருங்கள். அதோடு அந்தத் துறையில் தொழில் செய்யும் ஒருவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் திரும்பி வாருங்கள்.

2 நவம்பர் 2024

"கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும், அதன் கழிவுதான் வெள்ளை மணல்" என்று ஒரு பதிலில் எழுதியிருந்தேன். நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர், "கிளிமீனை நாங்கள் வறுத்துத் தின்கிறோம், அது எங்கே பவளம் கொறித்தது?" என்று கேட்டார். நியாயம். கேரளச் சந்தையில் கிளிமீன் என்றால் இளஞ்சிவப்பாக, கூறு போட்டு விற்பார்களே அது, சேற்றுத்தரை மீன். நான் சொன்னது வேறு. பச்சையும் நீலமுமாக, கிளி அலகு மாதிரி பல் ஒட்டிய மீன். நீருக்குள் காதை வைத்தால் அது கல்லைக் கடிக்கும் சத்தம் கறக் கறக் என்று கேட்கும். கல்லை அரைத்து, பாசியை வைத்துக்கொண்டு, மிச்சத்தை மணலாக விடும். லகூனில் கால் புதையும் வெள்ளை மணலில் பெரும்பங்கு இதன் வேலை. இனி இதைக் கிளியலகு மீன் என்றே எழுதுகிறேன்.

3 நவம்பர் 2024

மண்டபம் பக்கத்திலேயே பவளம் இருக்கிறதே, ஏன் கப்பல் ஏறவேண்டும் என்று கேட்டவருக்கு: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தீவுகளில் நினைத்தபடி இறங்கிவிட முடியாது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அங்கே முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, வெட்டி எடுத்தார்கள், இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. மிச்சத்தை விட்டுவைப்போம்.

3 நவம்பர் 2024, இரவு

கழுத்தில் போடும் பவளமாலைக்கும் இதற்கும் சம்பந்தமா? இல்லை. மாலையில் இருப்பது மத்தியதரைக்கடல் பக்கம் ஆழத்தில் வளரும் சிவப்புப் பவளம். லட்சத்தீவில் இருப்பது கல்பவளம். உயிரோடு இருந்தாலும் செத்து ஒதுங்கினாலும் அதை எடுத்துவரக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை, புலியோடு முதல் அட்டவணையில் இருக்கிறது. பையில் ஒரு துண்டு வைத்துக்கொண்டால் கொச்சியில் பிடிபடுவீர்கள்.

30 நவம்பர் 2024

இன்றைக்கு ஒக்கி நாள். இழையின் பேச்சுக்கு விலகி எழுதுகிறேன்.

நீரோடி முதல் இரையுமன்துறை வரை எட்டு ஊர்கள். சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடலில் வாரக்கணக்கில் கிடக்கும் படகுக்காரர்கள். 2017 நவம்பர் 30-இல் புயல் கிளம்பியபோது எத்தனையோ படகுகள் வெளியே இருந்தன. கரைக்கு வராத பலர் லட்சத்தீவில் ஒதுங்கினார்கள், கல்பேனியிலும்தான். அந்தத் தீவுக்கும் அதே புயல். தன் கூரை போனவர்கள் நம் ஆட்களுக்குச் சோறும் துணியும் கொடுத்தார்கள். எங்கள் கடைக்கு வரும் ஒரு அண்ணன் அப்படித் திரும்பி வந்தவர். அவருடைய தம்பி வரவில்லை.

நான் மறுபடி கல்பேனிக்குப் போகப்போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது, "கிழக்குப் பக்கம் கல்லு குவிஞ்சி கிடக்கும், பாத்தியா?" என்று கேட்டார். 1847-இல் ஒரு பெரும்புயல் கடலுக்குள்ளிருந்து தூக்கிப்போட்ட பவளக் கற்கள் அவை. பார்த்தேன், பேர் தெரியாமல் பார்த்தேன் என்றேன். "அங்கதான் கரையேறினோம்" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

கல்பேனி எனக்குச் சுற்றுலா இடமாக மட்டும் இல்லாமல் போனது அன்றைக்கு.

8 டிசம்பர் 2024

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஜனவரி கடைசி. வயது 61. பாறசாலைக்காரர் குடும்பம் இந்த வருடம் தேதி கிடைக்காமல் தள்ளிப்போட்டுவிட்டது.

போகலாமா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 2023 அக்டோபர் கடைசியில் தொடங்கிய கடல்வெப்ப அலையில் லட்சத்தீவுப் பவளங்கள் பெருமளவு வெளுத்துவிட்டன என்று கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் (சி.எம்.எஃப்.ஆர்.ஐ.) 2024 மே மாதம் அறிவித்தது. பவளத்துக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. நிறமும் அது கொடுப்பது, சோற்றில் பெரும்பங்கும் அது கொடுப்பது. கோடையின் உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு டிகிரி சில வாரம் நின்றால் போதும், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுத்த உடனே சாவதில்லை. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும், இல்லையென்றால் பட்டினி. 1998, 2010, 2016 என்று ஏற்கெனவே மூன்று அடி வாங்கிய இடம். நான் போன 2015, அந்த மூன்றாவது அடிக்கு ஒரு வருடம் முந்தி.

இதெல்லாம் தெரிந்த பிறகு இன்னும் இரண்டு ஜோடிக் காலை அங்கே கொண்டுபோக வேண்டுமா? சாமான்களைக் கட்டாமல் வைத்திருக்கிறேன்.

11 டிசம்பர் 2024

போவதாக முடிவு. அம்மாவுக்கு ஒரு நிபந்தனை போட்டேன், நான்கு காலை துறைக்கு வரவேண்டும். அம்மா ஒத்துக்கொண்டாள். மாமாவுக்கு இப்போது முங்க முடிவதில்லை, காதில் கோளாறு. பாறையில் உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொடுத்தார்.

உடை விஷயம்: துப்பட்டா, பாவாடை, தளர்ந்த சுடிதார் எதுவும் தண்ணீருக்குள் ஆகாது. காலில் சுற்றும், ரிங்கில் மாட்டும். அம்மாவுக்கு முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கின்ஸும் வாங்கினோம். வெயிலுக்கும் அதுவே போதும். சன்ஸ்கிரீனை முகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அதிலுள்ள சில ரசாயனங்கள் பவளத்துக்குக் கேடு என்று ஹவாயில் விற்பனைக்கே தடை போட்டிருக்கிறார்கள். முதல் தடவை எனக்கு வெந்துபோனது முழங்காலின் பின்பக்கம். கவிழ்ந்து கிடக்கும்போது வெயில் படுவது அங்கேதான்.

14 டிசம்பர் 2024

மாஸ்க் வாங்குவோருக்கு. எர்ணாகுளத்தில் ஒரு கடையில் வாங்கிய மாஸ்க் ஒரு வாரத்தில் கீறல் விழுந்து மங்கிவிட்டது, கண்ணாடி என்று விற்றது பிளாஸ்டிக். பட்டையைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டால் உங்கள் முகத்துக்கு அது சரி. விழுந்தால் எவ்வளவு விலையானாலும் வேண்டாம். மீசைக்காரர்களுக்கு உதட்டுக்கு மேல் கொஞ்சம் ஒழுகும், வாஸ்லின் தடவுங்கள். உள்பக்கம் பனி படியாமல் இருக்க எச்சில் தேய்த்து ஒரு அலசல். இதைவிட நல்ல மருந்து எனக்குக் கிடைக்கவில்லை. பவர் கண்ணாடி போடுபவர்கள் பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் கேட்டு வாங்கலாம். அம்மாவுக்கு அப்படித்தான் வாங்கினேன்.

6 பிப்ரவரி 2025

வந்துவிட்டோம். நான்கு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துபோகிறேன்.

கப்பலிலிருந்து படகுக்கு இறங்கும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள், இரண்டு பையன்கள் தூக்கி வைத்துவிட்டார்கள். தீவுப் பேச்சு ஜெசரி, மலையாளத்தின் ஒரு கிளை. அம்மா களியக்காவிளைச் சந்தை மலையாளத்தில் கேட்டாள், அவர்கள் தங்கள் மலையாளத்தில் சொன்னார்கள், அரை மணி நேரத்தில் சூரைக் குழம்புக்கு என்ன அரைப்பது என்பதுவரை போய்விட்டது. நம் வீட்டு மாசிக்கருவாடு இவர்களிடமிருந்தும் மாலத்தீவிலிருந்தும் வந்த பொருள்தான். சூரையை அவித்துப் புகையில் காயவைப்பது. அதைப் பிடிப்பது வலையால் அல்ல, தூண்டில் கழியால். அந்தச் சூரையை இழுக்க வாரி இறைக்கும் பொடிமீன் லகூன் பவளத்துக்குள் வளர்வது. பவளம் போனால் பொடிமீன் போகும், பொடிமீன் போனால் சூரையும் போய்விடும் என்று படகோட்டி சொன்னார். பவளத்தை வேடிக்கைப் பொருளாக நினைத்திருந்த எனக்கு அது ஒரு அடி.

வழிகாட்டி ஒரு இளைஞர், இருபத்தைந்து வயதிருக்கும். இறங்குவதற்கு முன்னால் எல்லாரிடமும் ஒரே வாக்கியம் சொன்னார்: "நில்க்கண்ட, கிடந்நால் மதி." அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். மாமா சொன்ன அதே பேச்சு, வேறு ஊர் வாயில்.

அம்மா கிடந்தாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. ரிங்கைப் பிடித்த கை மட்டும் விறைத்திருந்தது, கால் இரண்டும் அழகாக மேலே. நாற்பது நிமிடம்.

நான் 2015-இல் பார்த்த இடத்தைத் தேடினேன். அதே தீவு, அதே பக்கம், சிறுதீவுகளுக்கு எதிரே. மான்கொம்புக் காடு இல்லை. கொம்புகள் உடைந்து கரியும் பச்சையுமாகப் பாசி மூடி, சுள்ளிக் குப்பைபோல் தரையில் பரவிக் கிடந்தன. நான் அன்று உடைத்த ஒரு கொம்புக்காக இத்தனை வருடம் வருந்தியிருந்தேன். அதைச் சுற்றியிருந்த காடே இல்லை. உருண்டைப் பவளங்கள் சில உயிரோடு இருந்தன, மஞ்சள்பழுப்பு, ஒன்றின் பாதி செத்து மறுபாதி உயிரோடு. கிளியலகு மீன்கள் இருந்தன. ஒரு பேராமை எங்களைப் பொருட்படுத்தாமல் கடந்து போனது. ஓரிடத்தில் செத்த கொம்பின் நுனியில் கைவிரல் நீளத்துக்குப் புதிய கிளை ஒன்று, அதே வெளிர்நீல நுனியோடு. பத்துப் பதினைந்து மீன் அதற்குள்.

மேலே வந்ததும் அம்மா மாஸ்க்கைக் கழற்றாமலேயே பேசினாள். "எடீ, இவ்வளவு அழகா கீழ இருக்குன்னு நீ சொல்லவே இல்லியே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு இதுதான் முதல். பழையது எப்படி இருந்தது என்று அன்றிரவு சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அம்மாவே மறுநாள் கேட்டாள், "அந்தச் சுள்ளி மாதிரி கிடந்ததெல்லாம் என்ன?" அப்போது சொன்னேன்.

9 பிப்ரவரி 2025

டிசம்பரில் போகலாமா வேண்டாமா என்று குழம்பியதற்கு இப்போது என் எண்ணம்: சூட்டில் சாவதை என் கால் நிறுத்தமுடியாது. ஆனால் பிழைத்துக் கிடக்கும் அந்த விரல் நீளக் கிளை ஒரு கால் பட்டால் போய்விடும். முன்பு காட்டில் ஒரு கொம்பு போனது, இப்போது இருப்பதே அந்த ஒரு கொம்பு. ஆகவே அக்டோபரில் சொன்னதை இன்னும் இறுக்கிச் சொல்கிறேன். மிதக்கப் பழகாமல் போகாதீர்கள். ஐந்து நிமிடம் நிற்காமல் கிடக்க முடியவில்லை என்றால், கண்ணாடித்தளப் படகில் போய்ப் பாருங்கள்.

தண்ணீரும் சிக்கனம். லட்சத்தீவின் தலைநகர் கவரத்தியில் 2005 முதல் ஆழ்கடலின் குளிர்நீரைக் கொண்டு ஆவியைக் குளிரவைத்துக் குடிநீர் எடுக்கும் நிலையம் இருக்கிறது, நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். தீவுகளில் இயற்கையாகக் கிடைக்கும் நல்ல தண்ணீர் மணலுக்கடியில் கடல்நீர் மேல் மெல்லிசாக மிதக்கும் மழைநீர்தான். உப்புப் போகக் குளிக்கிறேன் என்று ஷவரைத் திறந்துவிட்டு நிற்காதீர்கள். ஒரு வாளி போதும், அம்மா அரை வாளியில் முடித்தாள்.

10 பிப்ரவரி 2025

பாறசாலைக்காரருக்கு: உங்கள் மகள் எனக்கு எழுதியிருந்தாள். அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டாம், வரும் ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு நான்கு பேரும் துறைக்கு வாருங்கள். மாமாவிடம் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை இரவு கடலைப் பார்த்து உண்டு இல்லை என்று சொல்வார். மாஸ்க் மூன்று என்னிடம் இருக்கிறது, நான்காவதற்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். மீசையை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள், வாஸ்லின் கொண்டுவருகிறேன். அம்மாவும் வருகிறாள். உங்கள் மனைவிக்குத் தான் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்கிறாள்.